கல்லும் சொல்லும்: நல்லூர் – திருநெல்வேலி நினைவுச் சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படிகளாக வகுத்துக் கூறுகின்றது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்ளும் பணியைத் தொடங்குவது கால்கோள். நீரிலிட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. குறித்த இடத்தில் நாட்டுவது நடுதல். இந்நான்குடன் பணி நிறைவெய்திவிட்டது என்றே இக்காலத்தவர் பலரும் கருதுவர். தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். நட்ட கல்லுக்குச் சிறப்புச் செய்யும் பெரும்படையும் அதனைப் போற்றும் வாழ்த்தும் நடுதலின் பின்னரே வைக்கப்பட்டுள்ளன. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டமும் நடுகற்காதையுடன் முடிவுறாது வாழ்த்துக்காதைக்குச் செல்வது இவ்வமைப்பினை ஒட்டியதேயாகும்.

இவ்வரிசையிலே ஓர் உண்மை அடங்கியுள்ளது. கல்லை ஒருநாளில் நாட்டிவிடலாம்; அக்கல்லின் பொருளை வரும் தலைமுறைகள் சொல்லிக்கொண்டேயிருத்தல் வேண்டும். சொல்வோர் இல்லாதவிடத்து எத்துணை உறுதியான கல்லும் ஊமையாகிவிடும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் ஒன்றிலே அந்தவன் என்னும் பெயரும், கூடல் ஊர் என்னும் இடமும், ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ஆகோள் என்னும் சொல்லும் காணப்படுகின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல் நிலைத்துவிட்டது. ஆயின் அந்தவன் யாவன், அவன் நிரை கவரச் சென்றவனா மீட்கச் சென்றவனா, அவனுக்காக அழுதவர் எவர் என்பனவற்றைச் சொல்லுவதற்கு ஒருவரும் எஞ்சவில்லை.

கல் எஞ்சிச் சொல் அழிந்த நிலை இது. இதற்கு நேர்மாறாகச் சொல் எஞ்சிக் கல் அழிந்த நிலையினையும், ஒரு கல்லின் சொல் பிறிதொரு கல்லின்மேல் ஏறிய நிலையினையும், இருவேறு மாந்தரின் கதை ஒரே சிலையில் ஒடுங்கிய நிலையினையும் யாழ்ப்பாணத்தின் பழைய தலைநகராகிய நல்லூரிலும் அதன் அயலூராகிய திருநெல்வேலியிலும் காணலாம். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கி, நினைவுச் சின்னம் ஒன்று எதனைக் காக்கின்றது, எதனைக் காக்கத் தவறுகின்றது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லூரின் பெயர்களும் சுவர்களும்

ஊரவர் பேச்சிலே திண்ணைவேலி என வழங்கும் திருநெல்வேலி, இன்று பல்கலைக்கழகத்தாலும் சந்தையாலும் பெயர் பெற்றுள்ளது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. 1979 முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் எல்லையை அடைந்துவிடலாம். நகரைக் காப்பதற்காகக் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையாரும், மேற்கே வீரமாகாளியம்மனும், தெற்கே கைலாயநாதரும், வடக்கே சட்டநாதரும் கோயில் கொண்டனர் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. கோட்டையும் அரண்மனையும் அழிந்துபோன ஊரிலே, பழைய நகரின் பரப்பினை இன்றும் ஒருவாறு வரையறுக்க உதவுவன இக்கோயில்களின் பெயர்களேயாம்.

இத்தலைநகரின் நடுப்பகுதியிற் சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி என்னும் மூன்றும் அண்மித்து அமைந்துள்ளன. வளைவு சங்கிலி மன்னனின் அரண்மனை வாயில் என்றும், மனை அவனுடைய மந்திரியின் இல்லம் என்றும் மக்கள் வழங்குவர். ‘ப’ வடிவில் அமைந்த ஏரியிலே, இந்தியாவிலிருந்து காவடிகளிற் கொணர்விக்கப்பட்ட யமுனை நதி நீர் வார்க்கப்பட்டதென்பது வைபவமாலை கூறும் செய்தியாகும்.

மந்திரிமனையை நேரிற் காண்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அதன் தூண்களிலும் முகப்பிலும் உள்ளூர்ப் பாணியும் ஐரோப்பியப் பாணியும் கலந்து காணப்படுகின்றன. தமிழ் மன்னராட்சி 1619இல் முடிவுற்றது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658இல். இன்று காணப்படும் கட்டடம் மன்னர் காலத்ததன்று. ஒல்லாந்தர் காலத்திலோ அதற்குப் பின்னரோ எழுந்தது என்னும் கருத்து ஆய்வாளரிடையே வலுப்பெற்றுள்ளது.

அவ்வாறாயின் ஊரவர் கதை பொய்யோ எனில், அவசரப்பட்டு அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. கதை சுவரைப் பற்றியதெனக் கொண்டால் அது தவறுபட்டதே. நிலத்தைப் பற்றியதெனக் கொண்டால் அதனை எளிதிற் புறக்கணித்துவிட முடியாது. ஓரிடத்தில் நின்ற பழைய கட்டடம் வீழ்ந்தபின், அதன் பெயர் அந்நிலத்தைவிட்டு அகலாது, அங்கு பின்னர் எழுந்த கட்டடத்தின்மேல் ஏறிக்கொள்வது எந்நாட்டிலும் காணப்படுவதாகும். சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம் முதலிய இடப்பெயர்கள் காணி உறுதிகளிலும் மக்கள் நாவிலும் தொடர்ந்து வழங்கியமையாலேயே, தலைநகரின் உறுப்புகள் எவ்வெவ்விடத்தில் அமைந்திருத்தல் கூடும் என்பதனை வரலாற்றாசிரியர் ஊகிக்க முடிந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் சுவர்களைப் பாதுகாக்கும். பெயர்களையும் அவற்றோடு இயைந்த கதைகளையும் பாதுகாக்கும் சட்டம் எதுவுமில்லை. அவற்றை மக்களே பாதுகாத்து வந்துள்ளனர்.

ஒரு சிலையும் இரு மன்னரும்

முத்திரைச் சந்தியில் வாளேந்திக் குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலியன் சிலை, யாழ்ப்பாணத்து நினைவுச் சின்னங்களுட் பலரும் அறிந்ததாகும். 1974இல் அங்கு சிலை நிறுவப்பட்டது. 2011இல் அது புதிதாக அமைக்கப்பட்டது. அந்நியர்க்குப் பணியாத தமிழ் மன்னன் என்பதே அச்சிலை சொல்லும் செய்தி.

அம்மன்னன் யாவன் என்னும் வினாவிற்கு விடை அத்துணை எளிதன்று. யாழ்ப்பாண வரலாற்றிற் சங்கிலி என்னும் பெயருடையோர் இருவர் முதன்மை பெறுகின்றனர். முன்னவன் 1519 முதல் 1561 வரை ஆட்சி புரிந்த முதலாம் சங்கிலி. 1560இற் போர்த்துக்கேயர் நல்லூர்மீது படையெடுத்தபோது அவர்களை எதிர்த்து நின்றவன் இவன். பின்னவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1619இல் பிலிப் டி ஒலிவேறாவின் படையிடம் தோல்வியுற்று, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு மரண தண்டனை பெற்ற சங்கிலி குமாரன். இருவருக்குமிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இவ்விருவரையும் ஒருவராகவே காட்டிவிட்டது. போர்த்துக்கேய ஆவணங்களையும் வைபவமாலையையும் ஒப்பு நோக்கி இம்மயக்கத்தை அகற்றும் பணியிலே முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் ஈடுபட்டனர். ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் வெளிவந்தது.

ஆய்வு இருவரைப் பிரித்தது. மக்கள் நினைவோ அவர்களை ஒருவனாகவே வைத்திருக்கின்றது. அரசின் எதிர்ப்பும் அரசின் வீழ்ச்சியும் ஒரே வாழ்வில் நிகழ்ந்ததாகச் சொல்லுவதே கதைக்கு இசைவானது. தொடக்கமும் முடிவும் ஒருவன்மேல் அமையும்போது கதை நெஞ்சில் நிற்கின்றது. சிலையும் அவ்வாறே. அதற்கு ஒரு முகமே உண்டு.

இச்சிலையோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு சின்னம் மன்னார்த் தீவிலே தோட்டவெளியில் உள்ளது. 1544ஆம் ஆண்டிலே, புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள், முதலாம் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்கள் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் என்பது திருச்சபை மரபு. வேதசாட்சிகளின் பேரால் அமைந்த தோட்டவெளி ஆலயம் அவர்களை நினைவுகூருகின்றது. மதம் மாறியமை போர்த்துக்கேயருக்கு நாட்டைத் திறந்துவிடும் வழியென மன்னன் அஞ்சியிருத்தல் கூடும். அவ்வச்சம் அரசியல் நோக்கிற் காரணமற்றதென்று கூறவும் இயலாது. ஆயினும் வெட்டுண்டவர்கள் போர்த்துக்கேயரல்லர். அவனுடைய குடிகளாகிய தமிழரே.

நல்லூரில் நிற்பவன் வீரன். தோட்டவெளியில் நினைவுகூரப்படுபவர் அவன் வாளுக்கு இரையானோர். இரு சின்னங்களும் தத்தம் எல்லையில் உண்மையையே சொல்லுகின்றன. ஒன்றை மட்டும் கண்டு திரும்புபவன் அரை வரலாற்றுடன் திரும்புகின்றான். ஒரு சின்னத்தைப் பழிப்பதற்கு மற்றதனைக் காட்டுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. இரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகப் படித்தலே அவன் கடன்.

கல்லில்லாத நினைவு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் இடித்தழித்தனர். இன்றுள்ள கோயில் 1734ஆம் ஆண்டளவில் வேறிடத்தில் எழுந்ததாகும். பழைய கோயிலின் கல்வெட்டு எதுவும் அதனை நிறுவியவர் பெயரைச் சொல்ல எஞ்சவில்லை. ஆயினும் அப்பெயர் அழியவில்லை. கோயிலில் ஓதப்படும் கட்டியத்திலே, ஆலயத்தை அமைத்தவனாகப் புவனேகவாகுவின் பெயர் இன்றும் போற்றப்படுகின்றது.

இப்புவனேகவாகு யார் என்பதிற் கருத்து வேறுபாடுண்டு. முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரி என்பது வைபவமாலை வழிவந்த கொள்கை. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் ஏறத்தாழ 1450இல் யாழ்ப்பாணத்தை வென்று, 1467 வரை அங்கு ஆட்சி செய்து, பின்னர் கோட்டைக்கு மீண்டு ஆறாம் புவனேகபாகு என முடிசூடிய செண்பகப் பெருமாளே அவன் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. செண்பகப் பெருமாள் என்பவன் சிங்கள இலக்கியங்களிற் சப்புமல் குமாரய எனப் போற்றப்படுபவன்.

இம்முடிபு சரியாயின், அதனால் விளங்கும் செய்தி பெரிது. தெற்கிலிருந்து படையோடு வந்து நாட்டை வென்ற ஒருவனின் பெயர், கோயில் இடிபட்ட பின்னரும், ஆட்சிகள் மூன்று மாறிய பின்னரும், இன உறவுகள் சீர்குலைந்த பின்னரும், யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் தலையாய கோயிலிலே நன்றியுடன் ஒலிக்கின்றது. கட்டியம் ஓதுவோரும் கேட்போரும் அவனை வென்றவனாக நினைப்பதில்லை. கோயில் அமைத்தவனாகவே நினைக்கின்றனர். இதனைக் கல்லிற் பொறிக்கும்படி ஒரு குழுவினரிடம் இன்று ஒப்படைத்தால், எத்தனை விவாதங்கள் எழும் என்பதனை எண்ணிப் பார்க்கலாம். நாவிலிருந்த காரணத்தால் அந்நினைவு தப்பிப் பிழைத்தது எனலாம்.

இடிக்கப்பட்டும் எழுந்த கற்கள்

அண்மைக் காலத்துச் சின்னங்களை நோக்குங்கால், கல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு மேலும் தெளிவாகின்றது. 1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அம்மாதம் 10ஆந் திகதி, இறுதி நாட் பொதுக்கூட்டத்துக்கு வீரசிங்கம் மண்டபத்தின் முன்றலிற் கூடியிருந்த மக்கள்மீது பொலிசார் தாக்குதல் தொடுத்தனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பதின்மர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக அவ்விடத்தில் எழுப்பப்பட்ட சின்னம் சிதைக்கப்பட்டும் மீள எழுந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கு மலர் வைக்கப்படுகின்றது. சங்கிலியன் சிலை நிறுவப்பட்டதும், திருநெல்வேலியில் வளாகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது. பழம்பெருமை, கல்வி, துயரம் ஆகிய மூன்றின் சின்னங்களையும் யாழ்ப்பாணம் ஓராண்டிலேயே பெற்றுக்கொண்டது.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் உயிரிழந்தோர் நினைவாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துள் மாணவர் முயற்சியால் ஒரு தூபி எழுப்பப்பட்டிருந்தது. 2021 சனவரி 8ஆந் திகதி இரவு அது இயந்திரங்கொண்டு இடிக்கப்பட்டது. அனுமதியின்றி அமைக்கப்பட்ட கட்டுமானம் என்பது கூறப்பட்ட காரணம். செய்தி பரவியதும் மாணவர் வாயிலிற் கூடினர். சிலர் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். 11ஆந் திகதி வடக்கிலும் கிழக்கிலும் கதவடைப்பு நிகழ்ந்தது. அன்று காலையிலேயே மீளக் கட்டுவதற்கான அடிக்கல் நாட்டப்பட்டது. நோன்பிருந்த மாணவர் கஞ்சியருந்தி நோன்பை முடித்தனர். ஏப்பிரில் 23ஆந் திகதி புதிய தூபி திறந்துவைக்கப்பட்டது.

அங்கு கஞ்சி வழங்கப்பட்டமை தற்செயலானதன்று. போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்த மக்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்த உணவு கஞ்சியே. ஆண்டுதோறும் மே மாதத்திலே தெருக்களிலும் கோயில் முன்றல்களிலும் அது காய்ச்சி வழங்கப்படுகின்றது. கட்டியம் எவ்வாறு நாவிலுள்ள சின்னமோ, அவ்வாறே இது கையிலும் வாயிலும் உள்ள சின்னம். தூபியை இடித்தோர் சீமெந்தினை அகற்றினரேயன்றி, அதனை எழுப்பிய காரணத்தை அகற்றினாரல்லர். அதனாலேயே தூபி மீள எழுந்தது. தொல்காப்பியர் வாழ்த்தினை நடுதலுக்குப் பின்னே வைத்த காரணம் இங்கு விளங்குகின்றது.

சொல்லின் குறைபாடு

எனினும் சொல் ஒன்றே போதும், கல் வேண்டியதில்லை என்று முடிவு செய்வதும் தவறாகும். சொல் உயிருள்ளது, உயிருள்ளவை யாவும் மாறும். இரு சங்கிலிகளை ஒருவனாக்கியது சொல்லே. பிற்காலக் கட்டடத்தை மந்திரியின் இல்லமாக்கியதும் சொல்லே. நூறாண்டுகள் செல்ல, 1974இல் இறந்தோரும் 2009இல் இறந்தோரும் ஒரே கதையிற் கலந்துவிடமாட்டார் என்பதற்கு உறுதியில்லை. பெயரையும் ஆண்டையும் மாறாது பிடித்து வைத்திருப்பது கல்லின் பணி. கல்லைப் பேச வைப்பது சொல்லின் பணி. இரண்டையும் சோதித்துப் பார்ப்பது வரலாற்றின் பணி.

சோதித்தல் எப்பொழுதும் இனிய செயலன்று. அதற்குத் திருநெல்வேலியே உதாரணம். 1983 யூலை 23ஆந் திகதி இரவு, பலாலி வீதியில், திருநெல்வேலியிலே, விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து திருநெல்வேலி, கந்தர்மடப் பகுதிகளிற் படையினரின் பழிவாங்கலுக்குப் பொதுமக்கள் ஐம்பதின்மர் அளவினர் பலியாயினர். கொழும்பிலும் ஏனைய இடங்களிலும் தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைகள் அதன்பின் நாடறிந்தவை. இலங்கை வரலாற்றின் போக்கை மாற்றிய அவ்விரவின் களம், பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் மாணவர் வந்துபோகும் வழியிலேயே உள்ளது.

அவ்விடத்தில் ஒரு கல் நடுவதாயின் அதில் எவரெவர் பெயர் பொறிக்கப்படல் வேண்டும்? வீட்டு வாயிலிலும் தெருவிலும் சுடப்பட்ட ஊரவரின் பெயர்கள் என்பதில் ஐயமில்லை. தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்து அங்கு மடிந்த இளஞ்சிப்பாய்களின் பெயர்களுக்கும் அதில் இடமுண்டா? இவ்வினாவுக்கு உடனடியாக ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் எளிது. வென்று வந்தவனைக் கோயில் அமைத்தவனாக நினைவில் வைத்துள்ள ஒரு மரபு, இவ்வினாவையேனும் எழுப்பிப் பார்த்தல் இயலாததன்று. அதுபோல, நாட்டின் ஏனைய பகுதியினரும் வளாகத் தூபியின் முன் நின்று, அது யாரை அச்சுறுத்துகின்றது என்பதன்றி, யாருக்காக அழுகின்றது என வினவுதல் வேண்டும். ஒருவர் துயரத்தை மற்றவர் சின்னமாக ஏற்கும் நாள் வரும்வரை, இத்தீவின் கற்கள் ஒன்றுக்கொன்று பகையாகவே நின்றுகொண்டிருக்கும்.

மாணவர் கடன்

நினைவுச் சின்னம் ஒன்றினை அணுகும் மாணவன் மூன்று வினாக்களைக் கைக்கொள்ளுதல் நலம். இதனை நிறுவியவர் யார்? அது நினைவுகூரும் நிகழ்ச்சிக்கு எத்தனை காலத்தின் பின்னர் நிறுவினர்? இதில் எழுதப்படாது விடப்பட்டவர் யார்? இவ்வினாக்களால் எச்சின்னத்தின் பெருமையும் குன்றிவிடாது. சங்கிலியன் சிலை 1619ஐப் பற்றிச் சொல்லுவதைக் காட்டிலும் 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மக்களின் உள்ளத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லுகின்றது என்பதை உணர்வதும் வரலாற்று அறிவேயாகும்.

செய்தற்குரிய பணி பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. திருநெல்வேலியிலும் நல்லூரிலும் ஒவ்வொரு சந்திக்கும், குளத்துக்கும், வளவுக்கும், கோயிலுக்கும் கதை உண்டு. அவற்றைச் சொல்லவல்ல முதியோர் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். போரும் இடப்பெயர்வும் பல குடும்பங்களைக் கடல் கடந்து சிதறச் செய்துவிட்டன; கதைகளும் அவர்களுடன் சென்றுவிட்டன. சொன்னவர் யார், எங்கு, எந்நாளிற் சொன்னார் என்னும் குறிப்புடன் அக்கதைகளை எழுதி வைத்தல் வேண்டும். ஒரே கதையை இருவர் வேறுபடச் சொன்னால், ஒன்றைத் திருத்தி மற்றதனுடன் இணைத்துவிடாது, இரண்டையும் அவ்வாறே பதிவு செய்தல் வேண்டும். மயில்வாகனப் புலவர் தமக்குக் கிடைத்த கதைகளை அவ்வாறு தனித்தனியே வைத்திருப்பாராயின், இரு சங்கிலிகளைப் பிரித்தறியப் பின்வந்தோர் போர்த்துக்கேய ஆவணங்களை நாடிச் செல்லவேண்டியிருந்திராது. அவர் விட்ட இடத்திலிருந்து அப்பணியைத் தொடங்குவதற்கு ஒரு குறிப்பேடும், வினவும் பொறுமையும், விடுமுறை நாட்கள் சிலவும் போதுமானவை.